அளவு ரவிக்கை

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு அதில் சிரமம் இல்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு வயிறு பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. காலையில் கொள்ளுத் தண்ணீர். மதியம் வெள்ளரிக்காய். இரவில் அதுவும் இல்லை.

நேற்று வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்வரை ஏறியது.

டாக்டர் எஸ்தர் ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பினார். கல்லீரலுக்கு அடியில், பேரிக்காய் வடிவில் ஒரு கறுத்த பை. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது.

“ஒருக்களிச்சுப் படுங்க.”

படுத்தாள். சாம்பல் மெல்லச் சரிந்தது. சாய்த்த பாட்டிலில் வண்டல் நகர்வதைப் போல.

“பித்தப்பை. சாப்பாடு வந்தாத்தான் இது சுருங்கிப் பித்தத்தை வெளிய தள்ளும். கொஞ்சம் எண்ணெய், நெய் இருந்தா நல்லாவே தள்ளும். நீங்க அதுக்கு வேலையே குடுக்கலை. தேங்கிக் கெட்டியாயிடுச்சு. வேகமா இளைச்சா உடம்புக் கொழுப்பும் கரைஞ்சு இதுலதான் வந்து சேரும்.”

“எனக்குக் கல்லோட பையையே எடுத்தாச்சு டாக்டர்,” என்றாள் கூட வந்திருந்த அம்மா.

“அப்ப இவங்க இன்னும் கவனமா இருக்கணும். இது இன்னும் கல்லாகலை. வேளாவேளைக்குச் சாப்பிட்டா சரியாகலாம். மெதுவா இளைக்கட்டுமே. என்ன அவசரம்?”

அவள் எழுந்து வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்தாள்.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. ரவிக்கையும் அவர்களே தைத்துத் தருவது வழக்கம். அளவுக்கு ஒன்று கேட்டார்கள். கல்லூரியில் போட்டதைக் கொடுத்தனுப்பினாள். இப்போது போடுவதை வருங்கால மாமியார் விரித்துப் பார்ப்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

தைத்தது போன வாரம் வந்தது. முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

கல்யாணம் அடுத்த வெள்ளி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தோசைக்கல்லைப் போட்டாள். அவள் புது ரவிக்கையை உள்புறம் திருப்பினாள்.

பக்கத் தையலுக்கு உள்ளே மடித்து விட்ட துணி. இரண்டு விரல் அகலம். கையிலும் அதே அளவு. எந்த டெய்லரும் தானாக இவ்வளவு விடமாட்டார்.

நிச்சயதார்த்தத்தில் வளையல் போட்டுவிட்டது மாமியார்தான். ஏறாத வளையலைச் சோப்பு நுரை தடவி, வலிக்காமல் ஏற்றினார்.

பிளேடை வைத்து முதல் தையலைப் பிரித்தாள்.

அம்மா தட்டை முன்னால் வைத்தாள். “பாதி போதும்னு தள்ளிடாதடி.”

“இன்னொண்ணு ஊத்தும்மா. நெய் விட்டு.”