ஞாயிற்றுக்கிழமைக் கசிவு

"வாரம் பூரா ஒழுங்கா ஓடற பம்ப்புக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் என்ன கேடு வருது?"

குடியிருப்புச் சங்கத் தலைவி கேட்டது பம்ப்பை அல்ல. பக்கத்தில் கைகட்டி நின்ற குளத்துக்காரரை. நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவருக்கென்று ஒரு பெயர் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

கம்பி வேலிக்கு அப்பால் ஆறு குழந்தைகள், தோளில் துண்டோடு. அந்த வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்களின், கார் ஓட்டுபவர்களின் பிள்ளைகள். ஞாயிறு மாலை நாலிலிருந்து ஆறு வரை குளம் இவர்களுக்கு என்று போன மாதம் சங்கம் தீர்மானம் போட்டது. ஒரே ஒரு வாரம் குளித்தார்கள். அதற்கப்புறம் மூன்று ஞாயிறாகப் பம்ப் ஒழுகுகிறது.

"கேட்டா, தண்ணி மோட்டார்ல பட்டா எரிஞ்சிடும்னு குளத்தை மூடிடறான். திங்கக்கிழமை காலைல தானா சரியாயிடுதாம்! மெக்கானிக், இது நான் கொண்டு வந்த தீர்மானம். எனக்கு மானப் பிரச்சினை. இவன் கைவேலைன்னா சொல்லுங்க, இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

மெக்கானிக் பம்ப் அறைக்குள் இறங்கினான். குளத்துக்காரரும் பின்னால் வந்தார்.

பம்ப்பைத் துணியால் ஒட்டத் துடைத்தான். அடியில் செய்தித்தாளை விரித்தான். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்தான்.

"வழக்கமா நடுவுல கசிவை அடைக்கற சீல்தாண்ணே தேயும். அப்படின்னா மோட்டார் பக்கத்துல சொட்டும்."

அங்கே தாள் நனையவில்லை. முதல் சொட்டு, தண்ணீர் வெளியேறும் குழாய் இணைப்பின் கீழே விழுந்தது.

நிறுத்தினான். மரையைக் கழற்றினான். உள்ளே ரப்பர் வளையம் புத்தம் புதிதாக இருந்தது. அதன் அடியில், அது சரியாகப் பதியாதபடி ஒரு நூல், வளையத்தோடு வளையமாகப் பதவிசாகச் சுற்றியிருந்தது.

"அண்ணே, நூல் தானா நடந்து வந்து இங்க உட்காராது."

குளத்துக்காரர் அறைக் கதவைச் சாத்தினார்.

"நீங்களா?"

குளத்துக்காரர் தரையைப் பார்த்தார்.

"வாரா வாரம் துண்டோட வந்து திரும்பிப் போகுதுங்களே, அதுங்க மூஞ்சியைப் பார்த்தீங்களா? ரெண்டு மணி நேரம் கூடுதலா நிக்க அவ்வளவு கசக்குதா உங்களுக்கு?"

"தம்பி, நூலை இருந்த இடத்துலயே வச்சிடுப்பா. சீல் போச்சுன்னு சொல்லிடு."

மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் அம்மாவும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் அவனை வளர்த்தாள்.

வளையத்தைத் துடைத்து உட்கார வைத்தான். மரையை இறுக்கினான். பத்து நிமிஷம் ஓடவிட்டான். தாள் காய்ந்தபடியே கிடந்தது. மேலே போய், நூலைத் தலைவியின் கையில் வைத்து, எங்கே இருந்தது என்று சொன்னான்.

தலைவி சத்தம் போடவில்லை. "சாவியை வச்சிட்டுக் கிளம்பு," என்றாள். குளத்துக்காரர் சாவியை வைத்தார்.

வேலிக் கதவு திறந்தது. "வாங்க கண்ணுங்களா, குதிங்க!" என்று தலைவி செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். ஆறு பேரும் தொப்தொப்பென்று விழுந்தார்கள்.

மெக்கானிக் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் குளத்துக்காரர் நின்றிருந்தார். போக மனமில்லாமல், தண்ணீரில் கூத்தடிக்கும் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாண்டிப் போக அவனுக்குக் கால் வரவில்லை.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"முதல் வாரம் குளிச்சாங்கல்ல, மறுநாள் விடிஞ்சதும் இந்தத் தலைவியம்மா என்னைக் கூப்பிட்டாங்க. 'எங்க வீட்டுப் பிள்ளைங்க இறங்கறதுக்குள்ள மொத்தத் தண்ணியையும் வெளியேத்து'ன்னாங்க. ஆசிட் ஊத்தி, ஒரு டைல் விடாம தேய்க்கச் சொன்னாங்க. தேய்ச்சேன்."

மெக்கானிக் பையைக் கீழே வைத்தான்.

"அந்தச் சின்னப் பொண்ணு இருக்கா பாரு, பச்சைத் துண்டு. காலைல அவ அம்மாகூட வேலைக்கு வருவா. வேலிகிட்ட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. 'ஏன் தாத்தா கழுவறீங்க? நாங்க குளிச்சோமே, அதனாலயா?'ன்னா."

"என்ன சொன்னீங்க?"

"'இல்லடா கண்ணு, பம்ப் ஒழுகுது'ன்னேன். சொன்ன பொய்யை மூணு வாரமாக் காப்பாத்திட்டேன். நாளைக்குக் காலைல மறுபடியும் கழுவுவாங்க, அவளும் வருவா, தம்பி. பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன்."