சீலா ரீச்சரின் எதிரணி

"எதிரணி என்ன கேக்கும் எண்டு முதலே யோசிக்காத ஆள் மேடையிலை முழிக்க வேண்டியதுதான்," என்றார் சீலா ரீச்சர். விவாதப் பயிற்சி என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

'வீட்டில் நாய் வளர்ப்பது நல்லதே.' தலைப்பை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே தெரிந்தெடுத்திருந்தார்கள். எதிரணியாக ரீச்சர் எழும்பி நின்றார்.

"நான் தனிய இருக்கிற மனுசி. பள்ளிக்கூடம் வந்தா நாயை ஆர் பாக்கிறது?"

ஜெசிதா தலையைச் சொறிந்தாள். "தெரியேல்லை ரீச்சர்."

"என்ன பிள்ளை உது! தனிய இருக்கிற ஆளுக்குத்தான் துணை வேணும் எண்டு மடக்க வேண்டாமோ? சரி, முத்தத்துப் பூக்கண்டெல்லாத்தையும் நாய் கிண்டிப் போடுமே?"

ஷரோன் திருதிருவென்று முழித்தாள்.

"வேலி அடைக்கப் பஞ்சியோ, சோம்பலோ எண்டு திருப்பிக் கேள்!"

ரீச்சருக்கு உசார் ஏறிவிட்டது. கேள்வியையும் அவரே போட்டு, பதிலையும் அவரே சொல்லி, எதிரணியைத் தவிடுபொடியாக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"இனி எதிரணியிட்டை ஒரு கேள்வியும் இல்லை. போட்டி எப்ப நடந்தாலும் வெற்றி எங்களுக்குத்தான்!"

"போட்டி முடிஞ்சுது ரீச்சர்." ஜெசிதா மேசைக்குக் கீழிருந்து ஒரு மட்டைப் பெட்டியை இழுத்தாள். உள்ளே நாய்க்குட்டி ஒன்று கொட்டாவி விட்டது.

"றோட்டிலை நிண்டது. நாங்கள் எல்லாரும் எங்கடை அம்மாமாரோடை வாதாடித் தோத்திட்டம். உங்களை எண்டால் வெல்லலாம் எண்டு ஷரோன்தான் சொன்னவள்."

"ஏன் பிள்ளை?"

ஷரோன் நெளிந்தாள். "அம்மாமார் பதில் சொல்லித் தரமாட்டினமே, ரீச்சர்."