பட்டறைச் சட்டை

"இது நம்ம வீட்டு சோப்பு வாசனை இல்லையே?"

குழந்தையை வாங்கக் கை நீட்டியவன் அப்படியே நின்றான். தலை ஈரமாக இருந்தது.

"பட்டறையிலயே குளிச்சுட்டேன்."

"குடிக்கிற தண்ணியே இங்கேருந்துதானே கொண்டு போறீங்க. குளிக்க ஏது?"

"புதுசா குழாய் போட்டிருக்காங்க" என்று முனகிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. குழந்தை தவழ ஆரம்பித்ததிலிருந்துதான் இந்தக் கூத்து. பட்டறைக்குப் போட்டுப்போகும் சட்டை தொலைந்துவிட்டதாம். இப்போதெல்லாம் நல்ல சட்டையோடு போகிறான், மணக்க மணக்கத் திரும்பி வருகிறான். அவன் அழுக்கைத் துவைத்தே பல மாதம் ஆகிவிட்டது அவளுக்கு.

எதிர் வீட்டு அக்கா சும்மா இருப்பாளா?

"உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போறாரா, கல்யாணத்துக்குப் போறாரா? எங்க வீட்டுக்காரரைப் பாரு. மூட்டை தூக்கிட்டு வந்த சட்டையோடவே பிள்ளையைக் கட்டிக்குவார். பாசம் இருக்கிறவனுக்கு முதல்ல குளிக்கத் தோணுமா?"

அந்தப் பேச்சு முள்ளாய்த் தைத்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைத் தெருமுனையில் ஒதுங்கி நின்றாள். வேலை விட்டதும் அவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்தான். சற்று நேரத்தில் ஈரத் தலையோடு வெளியே வந்தான். ஒரு பெண் வாசல் வரைக்கும் வந்து, அவன் மறந்த சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்தாள். சிரித்து வேறு வைத்தாள்.

அவன் தெருவைத் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், நேரே அந்த வீட்டுக் கொல்லைக்குப் போனாள்.

வாளியில் ஊறிக்கொண்டிருந்தது, தொலைந்துபோன சட்டை. பாக்கெட் கிழிந்தபோது அவளே தைத்துக் கொடுத்தது.

"என் புருஷன் அழுக்கைத் துவைக்க நீ யாரு?" வாளிக்குள் கையை விட்டுச் சட்டையை இழுத்தாள்.

"அதைத் தொடாதே. முதல்ல பிள்ளையைத் தள்ளி இறக்கி விடு."

"ஏன், என் பிள்ளை தொட்டா உங்க உறவு அறுந்து போயிடுமா?"

அதற்குள், தோளில் துண்டோடு இன்னும் இரண்டு பேர் கொல்லைக்குள் வந்தார்கள். புது ஆளைப் பார்த்ததும் தயங்கி நின்றார்கள்.

"நீங்க குளிங்கப்பா" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக் குழாயில் காட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

"வீட்டுல கைக்குழந்தை இருக்கிறவங்க எல்லாரும் இங்க குளிச்சுத் துணி மாத்திட்டுத்தான் போகணும். நான்தான் மறிச்சு நிறுத்தறேன். ஈயத் தூசு கண்ணுக்குத் தெரியாதும்மா. சட்டையில ஒட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்துடும். நமக்கே வயித்து வலி, மூட்டு வலின்னு இழுத்து விட்டுடும். தவழற பிள்ளை கையை வாயில வச்சா, அது மூளைக்கே போயிடும்."

"என்கிட்ட அவர் சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ வேலையை விடச் சொல்லுவேன்னு அவனுக்குப் பயம். வேற வேலை கிடைக்கட்டும், நானே சொல்றேன்னு கெஞ்சினான்."

"உங்களுக்கு மட்டும் இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் உள்ளே பார்த்தாள். சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்த ஒரு பெண் குழந்தை, யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"பத்து வயசு. இன்னும் பேச்சு வரலை. ரத்தத்தைச் சோதிச்சுட்டு டாக்டர் சொன்னப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது."

அவள் தன் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"இவ அப்பாவுக்கு இவன்னா உயிரு" என்றாள் அந்தப் பெண். "வேலை விட்டு வந்ததும் குளிக்கக்கூடத் தோணாது. பட்டறைச் சட்டையோடவே தூக்கிக் கட்டிக்குவார்."