காலுக்கு எதற்கு மூச்சு

முப்பத்தோரு வருடம் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த என் கணவர் ஒருநாள்கூட வாய் திறந்து பாடியதில்லை, ஜெபித்ததில்லை. கேட்டால், "எனக்கு நம்பிக்கையில்ல, எப்சி. அந்தச் சத்தம் பிடிக்கும், போறேன்" என்பார். கடைசி நாளிலும் போதகர் வேண்டாம் என்றுவிட்டார். அவர் எங்கே போயிருப்பாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அவர் இடத்துக்கு வந்த ஷெரின் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், அவருடைய ஆர்கன் புத்தகத்தை விரித்து வாசித்தாள். நாங்கள் ஆலயத்தில் பாடும் ஒரு பாமாலையை வைத்து, முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் பக்தர் ஒருவர் இயற்றியது. கைகள் மேலே எங்கெங்கோ ஓட, பாமாலையின் மெட்டு காலால் மிதிக்கும் கட்டைகளில் மெதுவாக நடந்தது. பாதியில் நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, இங்க பாருங்க. கால் வாசிக்கிற வரியில அங்கிள் பென்சிலால மூச்சுக் குறி போட்டிருக்காங்க."

"அதுக்கென்னம்மா?"

"பாடுறவங்க மூச்சு எடுக்கத்தான் அதப் போடுவாங்க. காலுக்கு எதுக்கு ஆன்ட்டி மூச்சு?"

குனிந்து பார்த்தேன். பாமாலையின் ஒவ்வொரு அடி முடிவிலும் ஒரு சின்னக் கோடு.

"கள்ளன்" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. "திரும்ப வாசி. கால் மட்டும் போதும்."

அவள் மிதிக்க, நான் பாடினேன். அவர் கோடு போட்டிருந்த இடங்களில் மட்டும் மூச்சு எடுத்துக்கொண்டேன்.