வலது கால் எம்.டி.யுடையது

உலக ஓட்டப்பந்தய வரலாற்றில் முதன்முறையாக, ஒரே ஜோடிக் கால்களில் இரண்டு பேர் அரை மாரத்தான் ஓடினார்கள் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்கிறோம். ஓடுபவரின் நேரத்தைக் கணக்கிடும் சிப்பை ஷூவில் கட்டிக்கொள்ள வேண்டும். கணக்குப் பிரிவு தெய்வசிகாமணி தன்னுடையதை இடது ஷூவில் கட்டியிருந்தார். வலது ஷூவில் எம்.டி. தன்னுடையதைக் கட்டிவிட்டார்.

"எனக்கு மூட்டு வலி, சிகாமணி. நமக்குள்ளயே இருக்கட்டும்."

மூட்டு வலிக்காரருக்கு நன்றாகவே குனிய வந்தது. பிறகு காரில் ஏறி முடிவுக்கோட்டுக்குப் போய்விட்டார்.

வழி நெடுக சிகாமணிக்கு ஒரே யோசனைதான். ஒரு தடவையாவது இந்த ஆளுக்கு முன்னால் போய்விட வேண்டும். முடிவுக்கோட்டை நெருங்கியதும் இடது காலை எட்டி வைத்தார். சிப்பைக் கண்டுகொள்ள அங்கே போட்டிருந்த விரிப்பு 'பீப்' என்றது. வலது காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பக்கம், வியர்வைக்குப் பதிலாக முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போட்டோவுக்குத் தயாராக நின்ற எம்.டி. பல்லைக் கடித்தார்.

"யோவ், வலது காலை எடுத்து வைய்யா!"

"ஒரு நிமிஷம் இருங்க சார். இப்பதான உங்கள ஜெயிச்சிருக்கேன்."

பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே விலகி ஓடினார்கள். எம்.டி. அவரையே பார்த்தார்.

மறுநாள் திங்கட்கிழமை, ஆபீஸ் உண்டு. தெய்வசிகாமணி வலது காலை எடுத்து வைத்தார்.