செருப்பு என்ன கலர்?

இது நான் நேரில் பார்த்ததில்லை. என் அறைத்தோழி சொன்னது. அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்பவள். அதனால் பாதியைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவள் வகுப்பில் ஒரு பெண். வாய்மொழித் தேர்வு என்றாலே கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'குளிர்ஜுரம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். போன பருவத்தில் யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய், தேர்வாளர் எதிரிலேயே கண் சொருகி ஃபெயில். இந்த முறையும் ஃபெயிலானால் படிப்பே நின்றுவிடும்.

அன்று வராந்தாவில் காத்திருந்தபோது அம்மாவிடமிருந்து போன். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற அம்மா.

"எங்க நிக்கிற?"

"ரூம் வாசல்லம்மா. அடுத்தது நான்தான்."

"அங்க என்னென்ன இருக்கு?"

"இப்பப் போய் என்னம்மா..."

"சொல்லேன். நான் எங்க உன் காலேஜப் பார்த்தேன்?"

எரிச்சலோடு சொன்னாள். பச்சைக் கதவு. சுத்தாத ஃபேன். கால் ஆடுகிற பெஞ்ச்.

மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை, மெதுவாகச் சொல் என்றாள் அம்மா. என்ன சத்தம் கேட்கிறது என்றாள். யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்கள் என்றதும், அது என்ன கலர் என்று வேறு கேட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். "சரி, வச்சிடறேன்" என்று அம்மா வைத்துவிட்டாள்.

"பாத்தியாடி? எல்லார் வீட்லயும் நல்லா சொல்லுன்னு ஒரு வார்த்தையாவது சொல்லுவாங்க. எங்கம்மாவுக்குச் செருப்பு கலர் வேணுமாம்" என்றாளாம், பக்கத்தில் நின்ற என் தோழியிடம்.

கண் கலங்கித்தான் உள்ளே போனாளாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டாள், பாஸ். கை நடுங்கவே இல்லையா என்று என் தோழி கேட்டதற்கு, அம்மா மேலிருந்த கோபத்தில் நடுங்க மறந்துட்டேன் என்றாளாம்.

விசாரிக்காமல் எழுத மனம் வரவில்லை. அந்தச் சலவைக் கடைக்குப் போனேன்.

"காலேஜ் கவுன்சலர் மேடம் சொன்னாங்கம்மா" என்றார் அந்த அம்மா. பரீட்சைப் பேச்சையே எடுக்கக் கூடாதாம். கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் நிதானமாகச் சொல்ல வைத்தால் படபடப்பு அடங்குமாம். "நல்லா சொல்லுன்னா இவளுக்குப் பயம் கூடிடுமாம். அதான் சொல்லல."

பக்கத்து மேசையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"எங்க சொல்லாம இருந்தா? போன் கட்டானப்புறம் அதக் காதுலயே வச்சுக்கிட்டு, நல்லா சொல்லு கண்ணு, நல்லா சொல்லு கண்ணுன்னு நின்னுட்டிருந்தா."