பூட்டிய வீட்டின் பதில்

இதை முதன்முதலில் சொன்னவர் டாஹிபென். சொல்லி முடிக்கும்வரை கதவைச் சாத்த விடவில்லை. எத்தனையோ ஆண்டுகள் கடந்த பின்னும், மூடிய கதவு அவருக்கு ஆகாது.

முரசு மூன்று முறை அதிர்ந்தது. ஜப்தி வருகிறது!

இருட்டறைக்குள், அன்று இளம்பெண்ணான டாஹி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மறுகையால் எருமை சம்பாவின் முகவாயைத் தடவிக் கொடுத்தாள். ‘கத்தாதேடி, தாயே!’

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் ஆண்டு; சூரத் பக்கத்துச் சிற்றூர். சர்க்கார் நிலவரிக் கிஸ்தியை உயர்த்தியது; ஊர் கட்ட மறுத்தது. கட்டாதவர் வீட்டு எருமைகளைப் பிடிக்க வடக்கேயிருந்து பட்டாணியக் காவலர்களைக் கூலிக்குக் கொண்டுவந்தார்கள். ஊரோ, வெளியே பூட்டைத் தொங்கவிட்டு, கால்நடைகளோடு உள்ளே அடைந்து கிடந்தது.

டாஹியின் கணவர் சிறையில் இருந்தார். அவளுக்குப் பால் வற்றிவிட்டது. சம்பா போனால் குழந்தையும் போய்விடும்.

செருப்போசை நெருங்கியது, நின்றது. தடியால் கதவைத் தட்டும் ஓசை.

“ஏ! உள்ள யாராவது இருக்கீங்களா? எருமை இருக்கா?”

டாஹிக்கு ஊர் கூடி எடுத்த சபதம் நினைவுக்கு வந்தது: கை ஓங்குவதில்லை, கடுஞ்சொல் சொல்வதில்லை, உயிரே போனாலும் பொய் பேசுவதில்லை.

“இருக்கு,” என்றாள். “ஆனா தர மாட்டேன்.”

செருப்போசை மெல்ல விலகிப் போனது.

அந்தி சாய்ந்ததும் பூட்டைத் திறந்துவிட வந்த பக்கத்து வீட்டு வாலிபென், செய்தி கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடி பைத்தியக்காரி! ‘இருக்கு’ன்னா சொன்ன? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே!”

“கேட்டாரே, அக்கா.”

“அவர் கேட்டாராம், இவ சொன்னாளாம்! சம்பந்தம் பேசவா வந்தான்? நாளைக்கு ஆளைக் கூட்டிக்கிட்டு வருவான் பாரு.”

மறுநாள் அவன் தனியாகத்தான் வந்தான். அதே தட்டல், அதே கேள்வி.

“எருமை இருக்கா?”

“இருக்கு. தர மாட்டேன்.”

மூன்றாம் நாளும் வந்தான். பத்தாம் நாளும் வந்தான். ஜமான் கான் என்பது அவன் பெயர் என்றும், ஆறடி உயரம் என்றும் வாலிபென் பார்த்து வந்து சொன்னாள். டாஹி அவனைப் பார்த்ததில்லை; கதவிடுக்கில் விழும் நிழலை மட்டுமே அறிவாள். அந்த நிழல் விழும்போதெல்லாம் அவள் சம்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“பூனை எலியைப் பிடிச்ச உடனே தின்னாதுடி,” என்றாள் வாலிபென். “உருட்டி விளையாடிட்டுத்தான் தின்னும். இந்தா, இதை வச்சுக்கோ.”

அரிவாள்.

டாஹி அதைத் தொடவில்லை. “எடுத்துட்டுப் போயிடு அக்கா. அவனைவிட எனக்கு இதைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு.”

“சாவு, போ! நீயும் உன் சபதமும்!”

நாற்பத்தோரு நாட்கள் கழிந்தன. அதற்கு மறுநாள் முரசு ஒலித்தது. மூன்றோடு நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. சர்க்கார் இறங்கி வந்துவிட்டது! பூட்டுகள் திறந்தன. இருட்டிலேயே கிடந்து தோல் வெளுத்துப்போன எருமைகள், கண்கூசியபடி தெருவில் நின்றன.

டாஹியும் சம்பாவை வாசலுக்கு ஓட்டி வந்தாள். அப்போது எதிரே அந்த நிழல் விழுந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தும் அவள் சம்பாவின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இதுதானா அது?” என்றான் ஜமான் கான். “நாற்பத்தோரு நாளா விசாரிச்சேன். இன்னைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறேன்.”

வாலிபென் பாய்ந்து வந்தாள். “பச்சைப் பிள்ளைக்காரியைத் தினமும் வந்து மிரட்டினியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?”

அவன் தலை குனிந்தான். டாஹியிடம் மட்டும் சொன்னான்:

“மொத நாளே எருமை மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேட்டுடுச்சு, தங்கச்சி. நீ இல்லைன்னு சொல்லியிருந்தா அப்பவே பூட்டை உடைச்சிருப்பேன். கை தடியைத் தூக்கிருச்சு. நீ இருக்குன்னுட்ட. அதுக்கப்புறம் கை மேல போகல.”

“பிறகு ஏன் தினமும் வந்தீங்க?”

“நான் வரலைன்னா வேற ஆளை அனுப்புவாங்களே. நீதான் பொய் சொல்ல மாட்ட. உனக்கும் சேர்த்து நானே முகாம்ல சொல்லிடுவேன், ‘அந்த வீடு காலி’ன்னு.”

தெருமுனையில் மாட்டுவண்டி காத்திருந்தது. அதிலிருந்த இன்னொரு காவலன் உரக்கச் சிரித்தான். “ஏறுடா பைத்தியமே! வெறுங்கையோட திரும்பினா தினம் நாலணா பிடித்தம்னு தெரிஞ்சும் ஒரு கோழியைக்கூடப் பிடிக்காம வந்தவன் நீ ஒருத்தன்தான்டா!”

வாலிபென் தன் வீட்டுக்குள் ஓடி, ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

“இதை வாங்கிக்கோ, கான் பாய்.”

“வேண்டாம்மா.”

வண்டி நகர்ந்தது. வாலிபென் குறுக்கே ஓடி, காளைகளின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா அடாவடி இது!”

“அடாவடி இல்லை, சபதம். நீ வாங்குற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். மேலே ஏத்திக்கிட்டுப் போறதானாப் போ.”

வெயில் ஏறியது. காளைகள் தலையை ஆட்டின. கடைசியில் ஜமான் கான் இறங்கி வந்து கையை நீட்டினான்.

சர்க்கார் எத்தனை மிரட்டியும் வாலிபென்னின் அடுக்குப்பானையிலிருந்து பெயராத கிஸ்திப் பணத்திலிருந்து, அந்தச் சர்க்காரின் ஆளுக்கு, நாலணா வீதம் நாற்பத்தோரு நாளுக்கும் அன்று அவள் எண்ணிக் கொடுத்தது: பத்து ரூபாய் நாலணா.